மடிமேல் சால்வை

வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்த பிற்பகலில் முதியோர் இல்லத்துக் கூடத்தில் மாமனார் மடியில் கம்பளிச் சால்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சலோ என்று பயந்து மருமகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு ஒன்றும் இல்லை. கழுத்திலிருந்து வேர்வை மட்டும் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்தப் புழுக்கத்துல எதுக்கு மாமா இது? எடுத்துடட்டுமா?"

அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவே அவளுக்குப் புதிது. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற மனிதர் அவர். சால்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

அடியில் ஒரு பட்டை. பள்ளிக்கூடப் பையின் வாரைப் போல அகலமாக, அழுக்கேறி, வயிற்றைச் சுற்றி, நாற்காலிக் கைகளுக்கு அடியில் நுழைந்து பின்னால் போயிருந்தது. அவர் கை எட்டாத இடத்தில் கொக்கி.

"என்ன மாமா இது?"

"பார்த்தா தெரியலையா. பார்சல். கட்டியாச்சு, விலாசம் எழுதறதுதான் பாக்கி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இருட்டு பிரியும் முன்பே அடுப்பு முன்னால் நின்று, தட்டுத் தட்டாக ரொட்டி இழுத்துப் போட்டுவிட்டு, புருவத்து மாவைக்கூடத் துடைக்காமல் வந்தவள். பேக்கரிக்காரி என்றே அவளை அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். பெயர் வைத்தவரும் இந்த மாமனார்தான். அவள் சமைத்ததை முதல் நாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரொட்டிக் கடையில வேலை பார்க்கிற கை, குழம்புக்குச் சரிப்படாது" என்றாராம். அவர் வாழ்நாள் முழுக்க ஹோட்டலில் சப்ளையராக இருந்தவர். தோள்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு, எண்ணெயும் தண்ணீருமாய்க் கிடக்கிற தரையில் ஒரு சொட்டு சிந்தாமல் ஓடியவர். அவர் தட்டைப் பார்த்த பார்வையில் எத்தனை சமையல்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்திருப்பார்களோ. மருமகள் மட்டும் வைக்கவில்லை. "பிடிக்கலைன்னா நீங்களே இறக்கிக்குங்க" என்று திருப்பிச் சொன்னாள். அன்றிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சு கிடையாது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று அவளும், "உன் பொண்டாட்டிகிட்ட உப்பு கேளு" என்று அவரும் நடுவில் ஒருவனை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

அத்தை போனபின் அவர் இவர்களோடேயே தங்க வந்தார். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பகலில் வீட்டில் ஆள் கிடையாது. ஒரு நாள் படியில் உருண்டு, கீழ்வீட்டுக் கதவு திறக்கும்வரை அங்கேயே கிடந்தார். மகனும் மகளும் போனில் பேசி முடிவெடுத்து இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள். சொந்தக்காரர்கள் வாயில் மட்டும் அது 'பேக்கரிக்காரி துரத்திவிட்டாள்' என்று ஆனது. அவள் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. மதியத்தோடு வேலை முடிகிறவள் அவள்தான், பேக்கரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இல்லம், அதனால் வந்து பார்க்கிறவளும் அவளே ஆனாள். நடுவில் வைத்துக்கொள்ள ஆள் இல்லாததால் இங்கே பேச்சும் நேராகவே நடந்தது. ஓரம் வெட்டிய மெத்தென்ற ரொட்டி கொண்டுவருவாள். "வேக்காடு பத்தலை" என்று சொல்லிவிட்டு ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்பார்.

கொக்கியை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அது ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் இழுத்தால்தான் திறக்கும். அடுத்த நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதைத் தொட்டா திட்டுவாங்க."

எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுகிற கிழவி. மெலிந்த உடம்பு, கனத்த கண்ணாடி. அவள் மடியிலும் ஒரு சால்வை. அதற்கடுத்த நாற்காலியிலும். அதற்கும் அடுத்ததிலும். கூடம் முழுக்க வரிசையாகச் சால்வைகள். இத்தனை நாள் இந்த வழியாக வந்துபோனோமே, கண்ணை எங்கே வைத்திருந்தோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மேனேஜர் அம்மாவின் அறை குளிரூட்டியில் ஜில்லென்று இருந்தது. சுவரில் சிரிக்கிற முதியவர்களின் பெரிய படம். அந்தப் படத்தில் இருப்பவர்கள் யாரும் இந்த இல்லத்தில் இல்லை.

"உட்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"எங்க மாமாவை எதுக்குக் கட்டிப் போட்டிருக்கீங்க?"

"கட்டிப் போடலைம்மா, அப்படிச் சொல்லாதீங்க. அது பாதுகாப்பு பெல்ட். கார்ல போறப்ப போடுறதில்லையா?"

"கார் போய்ச் சேர்ந்ததும் கழட்டிடுவாங்க."

மேனேஜர் அம்மா சிரித்தாள். எல்லாக் கேள்விக்கும் முன்னால் அந்தச் சிரிப்பை எடுத்து வைக்கிற வழக்கம். "அவரு ரெண்டு தடவை விழுந்துட்டாரு. இந்த வயசுல இடுப்பெலும்பு போச்சுன்னா அவ்வளவுதான். பெல்ட் போட்டதுலேர்ந்து எங்க இல்லத்துல ஒருத்தர்கூட விழல தெரியுமா?"

"எழுந்தாதானே மேடம் விழறதுக்கு."

"நல்லதுக்குச் செஞ்சா இப்படித்தான் பேசுவீங்க. நாளைக்கே விழுந்தா, ஏன் பார்த்துக்கலைன்னு நீங்கதான் வந்து நிப்பீங்க."

"நல்லதுன்னா எதுக்கு சால்வை போட்டு மூடணும்?"

சிரிப்பு கொஞ்சம் நின்றது. "உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுத்தான் செஞ்சோம். அவர் சரின்னாரு. நீங்க வீட்ல பேசிக்குங்க."

வீட்டில் பேசினார்கள். கணவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அன்று ஏதோ கறிக்கடையின் பெரிய குளிர்பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்திருந்தான். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"உங்கப்பாவைக் கட்டலாம்னு சொன்னீங்களா?"

"பெல்ட்டுன்னு சொன்னாங்க."

"சரின்னீங்களா?"

"அக்கா சரின்னா. நானும் சரின்னேன். விழாம இருந்தா போதும்னு இருந்துச்சு. போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்கு, எங்க விழுந்தாரோன்னு."

"போய்ப் பார்த்தீங்களா?"

"எப்பப் போறது? நீதான் போறியே."

"நான் போறதாலதான் கேக்கிறேன். நாயைக்கூடச் சாயங்காலம் அவுத்து விடுவாங்க."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு சோற்றுக் கையை உதறிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். தன்னால் சொல்ல முடியாததை அக்கா சொல்லட்டும் என்று.

"அண்ணி, மாமாவை நாற்காலியோட சேர்த்துக் கட்டி வச்சிருக்காங்க."

"தெரியும்மா. அங்க இருக்கிறவங்க அனுபவப்பட்டவங்க. நமக்கு என்ன தெரியும்?"

"வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

"நான் எங்க இருக்கேன், அங்க வர எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்குத் தெரியாதா? சரி, நான் கேக்கிறேன். அவுத்து விட்டு அப்பா விழுந்து இடுப்பு உடைஞ்சா நீ அள்ளுவியா? அவரோட ஒரு வேளை முகம் கொடுத்துப் பேசினவளா நீ? இப்ப என்ன திடீர்னு பாசம்?"

"பாசம் இல்லை அண்ணி. எனக்கும் அவருக்கும் ஆகாதுதான். ஆகாதவங்களைக்கூட நான் கட்டிப் போட மாட்டேன்."

எதிர்ப்பக்கம் போன் வைக்கப்பட்டது. கணவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். சண்டை அதோடு நின்றுவிட்டது, முடியவில்லை.

மறுநாள் பேக்கரியில் மேஸ்திரியிடம் கெஞ்சி, கடைசி அடுப்பைப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கே இல்லத்துக்குப் போனாள். கூடத்தில் ஒரே ஒரு ஆயாம்மா, கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டு போனாள். ஒருவர் முழுங்குவதற்குள் அடுத்தவர் இருமினார். இருமியவர் வாயைத் துடைப்பதற்குள் இன்னொருவர் தட்டைக் கவிழ்த்தார். மாமனார் தானே சாப்பிட்டார். விரலை வழித்து, தட்டின் ஓரத்தைத் துடைத்து, எச்சில் தட்டை எடுத்துப்போக எழப்போனவரைப் பட்டை பின்னால் இழுத்தது. பழைய கை, பழைய பழக்கம். மருமகள் அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பின்னால் போய்க் கொக்கியை அழுத்தி இழுத்து அவிழ்த்துப் போட்டாள்.

"நடங்க மாமா. நான் பக்கத்துல இருக்கேன்."

அவர் எழவில்லை.

"வேணாம்மா. நீ கிளம்பு."

"ஏன்?"

"கிளம்புன்னா கிளம்பேன்."

"நான் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். காரணம் சொல்லுங்க."

மருமகளிடம் சொல்கிற விஷயம் இல்லை அது. மகனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். கடைசியில் ஜன்னலிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"நனைஞ்சிருக்கேன்."

அவள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"சாப்பாட்டோட நீர் மாத்திரை குடுத்துடறாங்க. கொஞ்ச நேரத்துல முட்டிக்கிட்டு வருது. அங்க சுவத்துல இருக்கு பாரு மணி. அடிச்சா யாரும் வர்றதில்ல. அது செத்து ரொம்ப நாளாச்சு. கூப்பிட்டுப் பார்ப்பேன். எவ்வளவு நேரம் அடக்கறது? நானே எழுந்து போனேன். போற வழியிலதான் விழுந்தேன். ரெண்டு தடவையும் அப்படித்தான். என்னவோ கிழவன் ஊர் சுத்தக் கிளம்பி விழுந்த மாதிரி சொல்றாங்க. நான் போனது கக்கூசுக்கு."

"இப்ப?"

"இப்ப எழ வேண்டியதே இல்லையே. குழந்தைக்குப் போடறதைப் போட்டு விட்டுட்டாங்க. அதுலயே போயிடுங்கறா." அவர் குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டார். "ஹோட்டல்ல எத்தனை பேரு 'ஏம்ப்பா'ன்னு கூப்பிட்டிருப்பான். ஒருத்தன் ரெண்டாவது தடவை கூப்பிட விட்டதில்ல நான். எனக்கு வந்த கதியைப் பாரு."

ஆயாம்மா கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "பொய் இல்லக்கா. மணியைப் பத்தி நானும் சொல்லிட்டேன், ஒயரு சுவத்துக்குள்ள போகுதாம், உடைக்கணுமாம். மத்தியானம் இந்த மாடிக்கு நான் ஒருத்திதான். நான் யாரை ஊட்டறது, யாரைத் தூக்கறது? உட்கார வச்சு உட்கார வச்சு இவருக்குக் காலே சூம்பிப் போச்சு. முன்னாடியெல்லாம் இந்தக் கூடத்துல நாலு நடை நடப்பாரு."

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மேனேஜர் அம்மாவின் குரல் கேட்டது. யாரையோ கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு கணவனும் மனைவியும். தாயாரைச் சேர்ப்பதற்கு இடம் பார்க்க வந்தவர்கள் என்று நடையிலேயே தெரிந்தது. குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

"இதுதான் எங்க கூடம். நல்ல காத்தோட்டம். எல்லாரும் எவ்வளவு அமைதியா இருக்காங்க பாருங்க. இந்த மாடியில சமீபத்துல ஒருத்தர்கூட விழல."

பேக்கரிக்காரிக்கு அதற்கப்புறம் எதையும் யோசித்துச் செய்த நினைவு இல்லை. சூடான தட்டை வெறும் கையால் பிடித்துவிட்டால் போட்டுவிடத்தான் தோன்றும், யோசிக்கத் தோன்றாது. அவள் வரிசையின் முதல் நாற்காலிக்குப் போய்ச் சால்வையை எடுத்தாள். பட்டை. அடுத்தது. பட்டை. அடுத்தது. எடுத்த சால்வைகளைக் கையில் மடித்து மடித்துப் போட்டுக்கொண்டே போனாள், துவைத்த துணி எடுக்கிறவளைப் போல. டீச்சரிடம் வந்தபோது கை தயங்கியது.

"என்னோடதையும் எடு" என்றாள் டீச்சர். "பார்க்கட்டும்."

வந்திருந்த பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். கணவன் மேனேஜர் அம்மாவைப் பார்த்தான்.

"இவங்க இப்படித்தான் அமைதியா இருக்காங்க" என்றாள் பேக்கரிக்காரி. "உங்கம்மாவுக்கும் ஒண்ணு அளவெடுக்கணும்னா சொல்லுங்க."

"இவங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு..." என்று மேனேஜர் அம்மா ஆரம்பித்தாள்.

"மணி அடிச்சு காட்டுங்க மேடம். அந்த ஒரு மணியை அடிச்சுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

வந்தவர்கள் அப்புறம் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தலை மறைந்ததும் மேனேஜர் அம்மாவின் சிரிப்பும் மறைந்தது.

"உங்க மாமனாரைக் கூட்டிட்டுப் போயிடுங்க. இப்பவே உங்க வீட்டுக்காரரை வரச் சொல்றேன்."

கணவன் கிரீஸ் கையோடு ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்கத் தயாராகவே வந்தான், வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தவன் முகம் அது. "உனக்கு என்ன பைத்தியமா, மூணாவது மாடிக்கு எப்படித் தூக்கிட்டுப் போறது" என்று அவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "உங்கப்பாவை மாத்தி விடணும். நான் செய்யக் கூடாதுங்கறார், ஆயாம்மாவுக்கு நேரம் இல்லை. நீங்க போங்க" என்றாள்.

அவன் உள்ளே போனான். கதவு சாத்தியே இருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. அப்பாவின் தோலில் பட்டை அறுத்த தடமும், ஈரத்தில் வெந்த தொடையும் அவன் பார்த்திருக்கிறான். அடுக்கி வைத்த மன்னிப்பு எங்கே போனதோ. மேனேஜர் அம்மா எதிரில் போய் நின்றான்.

"கூட்டிட்டுப் போறேன் மேடம். ஆனா இந்தப் புண்ணை முதல்ல சுகாதாரத் துறை டாக்டர் பார்க்கட்டும். அதுக்கப்புறம் கூட்டிட்டுப் போறேன்."

அதற்கு மேல் மேனேஜர் அம்மா கூட்டிட்டுப் போங்க என்று சொல்லவில்லை. இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயர் கெட்டுவிடும் என்ற பயம் வந்தது, அவ்வளவுதான். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கிறோம் என்றாள். மணியைச் சரிசெய்கிறோம் என்றாள். குடும்பத்தார் வேண்டாம் என்கிற முதியவர்களுக்கு மட்டும் பெல்ட் போடவில்லை என்றாள்.

"டீச்சருக்கு?"

"அவங்க பையன் வெளிநாட்டுல. அவர்தான் சொல்லணும். நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

அந்தக் கேள்வியோடு அவள் வெளியே வந்தாள். அன்று முழுக்க அது முள்ளாகக் குத்தியது. ஆயாம்மாவிடம் கேட்டு அந்தப் பையனின் போன் எண்ணை வாங்கி, கணவனிடம் கொடுத்துப் பேசச் சொன்னாள். பையன் முதலில் நீங்கள் யார் என்று கோபப்பட்டான். பிறகு, "எனக்கு ஃபோட்டோ அனுப்பறப்பல்லாம் சால்வை போட்டுத்தான் அனுப்புவாங்க" என்றான்.

பட்டை அவிழ்ந்த வாரமே மாமனார் விழுந்தார். கட்டிலிலிருந்து இறங்கும்போது முழங்கால் மடங்கி, முழங்கை தரையில் மோதி, கறுத்து வீங்கியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நாத்தனார் போனில், "நான் சொன்னேனா இல்லையா" என்று பேக்கரிக்காரியைக் கேட்டாள். ரொட்டித் தட்டை அடுப்பில் தள்ளும்போதெல்லாம் அந்தக் கறுத்த முழங்கைதான் கண்முன் நின்றது. மத்தியானம் போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, தப்புப் பண்ணிட்டேனோ என்னவோ. மறுபடி போடச் சொல்லட்டுமா?"

"எதை?"

"பெல்ட்டை."

"விழுந்தது நான். வலி எனக்கு. நீ எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? கட்டி வச்சுக் காலைச் சாகடிச்சாங்க, அது உயிர் வர நாளாகும். வா, அந்தத் தூண் வரைக்கும் நடக்கலாம். உன் ரொட்டியைத் தின்னு செமிக்கணுமே."

தூண் வரைக்கும் போனார்கள். அடுத்த நாள் தூணைத் தாண்டினார்கள். மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பிடிமானத்துக்குக் கட்டில் ஓரமாகச் சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்தான். தேய்ந்த செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கி வந்தான். நாத்தனார் மட்டும் வருகிறேன் வருகிறேன் என்றாள், வரவில்லை.

மணியைச் சரிசெய்த அன்று மேனேஜர் அம்மாவே பேக்கரிக்காரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். கூடத்துச் சுவரில் புதிதாகச் சிமெண்ட் பூசிய கோடு ஒன்று வளைந்து வளைந்து போனது. நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று புதுப் பொத்தான்கள்.

"இப்ப திருப்திதானே? பாருங்க." மேனேஜர் அம்மா குனிந்து மாமனாரின் பொத்தானை அழுத்தினாள். நடையின் கோடியில், ஆயாம்மாவின் மேசைமேல், மணி கணீரென்று அடித்தது. மேலே சிவப்பு விளக்கும் எரிந்தது.

காத்திருந்தார்கள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. கோடி அறையில் யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்த ஆயாம்மாவின் குரல், "இதோ, இதோ வந்துட்டேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. மேசையில் ஆள் இல்லை. மேனேஜர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காததுபோல் கையைக் கீழே விட்டாள்.

"வேலையா இருப்பாங்க" என்றாள்.

"மேடம்," என்றார் மாமனார் மரியாதையாக, "நீங்க சும்மா அழுத்தினீங்க. எனக்கு நிஜமாவே வருது."

பேக்கரிக்காரி பழக்கத்தில் எழுந்தாள். எழுந்தவள் என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க மேடம்."

"நானா?"

"மணி அடிச்சது நீங்கதானே."

மேனேஜர் அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத கையை நீட்டி அவர் தோளைப் பற்றித் தூக்கப் போனாள்.

"தூக்காதீங்க மேடம். நான் உங்க கையைப் பிடிச்சுக்கிறேன். என் வேகத்துக்கு வாங்க, உங்க வேகத்துக்கு இழுத்தா ரெண்டு பேரும் விழுவோம்."

நடந்தார்கள். அந்த நடை அவ்வளவு நீளம் என்று மேனேஜர் அம்மாவுக்கு அதுவரை தெரிந்திருக்காது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அவள் கால் வழுக்கி, அவர் முழங்கையையே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க யாரு தண்ணியைக் கொட்டினது?"

"தினமும் இருக்கும் மேடம். ஓரமா வாங்க."

அவர்கள் கழிவறைக் கதவை எட்டியபோது இரண்டாவது மணி அடித்தது. டீச்சர். இடுப்பில் பட்டை இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் தன் பொத்தானை அழுத்தினார். அவருக்கு அடுத்தவரும். மேசைமேல் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. பேக்கரிக்காரி டீச்சரிடம் போய் அவள் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

மாமனார் கதவு நிலையைப் பிடித்தபடி ஆடாமல் நின்றார். விட்டால் விழுந்துவிடுவார் என்ற பயத்தில் மேனேஜர் அம்மாவால் அவரை விட்டு ஓர் அடி நகர முடியவில்லை. வெறுமையாகக் கிடந்த நடையைப் பார்த்து, முதலில் மெதுவாகவும், பிறகு குரல் உயர்த்தியும் கூப்பிட்டாள்.

"யாராவது வாங்களேன். இங்க யாராவது வாங்க."

"இன்னும் கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க மேடம்" என்றார் மாமனார். "இந்தச் சத்தத்துக்கு இங்க யாரும் வந்ததில்ல."